சம்பளப் பட்டியலில் இல்லாதவர்: நியூசிலாந்தின் மரியான் வில்லியம்ஸ்

பொருநை (இழையைத் தொடங்கியவர்)

நியூசிலாந்தின் குடியேற்ற வரலாற்றைப் புரட்டினால் திமிங்கில வேட்டைக்காரர் வருவார், ஆளுநர் வருவார், பாதிரியார் வருவார். பாதிரியாரின் மனைவி ஒரு தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த ஏற்பாட்டில் எனக்குச் சம்மதமில்லை. அதனால்தான் இந்த இழை.

மரியான் பிறந்தது 1793இல். 1818இல் ஹென்றி வில்லியம்ஸை மணந்தார். ஹென்றி நெப்போலியன் காலப் போர்களில் பங்கெடுத்த கடற்படை லெப்டினன்ட். போர் ஓய்ந்ததும் அரைச் சம்பளத்தில் ஒதுக்கப்பட்டவர். 1822இல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில் சர்ச் மிஷனரி சங்கம், நம் ஊர்ப் பேச்சில் சி.எம்.எஸ்., அந்தக் குடும்பத்தை நியூசிலாந்துக்கு அனுப்பியது. மூன்று பிள்ளைகளோடு அவர்கள் ஏறிய 'லார்ட் சிட்மத்', பெண் கைதிகளைச் சிட்னிக்குக் கொண்டுபோன கப்பல். 1823 ஆகஸ்டில் வடக்கே தீவுகள் விரிகுடாவில் வந்து இறங்கும்போது மரியான் மறுபடியும் கர்ப்பிணி. நவம்பரில் நான்காவது பிள்ளை பிறந்தது. சிட்னியிலிருந்து அவர்களை ஏற்றிவந்த 'பிராம்ப்டன்' கப்பல் திரும்பிப் போகும்போது அந்த விரிகுடாவைத் தாண்டவில்லை. அங்கேயே பாறையில் மோதி உடைந்தது.

பைஹியாவில் முதல் வீடு கோரை வேய்ந்த குடிசை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் தேன்கூடு. அங்கிருந்து மரியான் இங்கிலாந்திலிருந்த மாமியாருக்கும் கணவர் வீட்டு உறவினர்களுக்கும் நாட்குறிப்பு போலக் கடிதங்கள் எழுதினார். ஒரு கேள்வி கேட்டுப் பதில் வர ஏறக்குறைய ஓராண்டு ஆகிவிடும். அந்தக் கடிதங்களில் பிரசங்கம் குறைவு, அடுப்படி அதிகம். அடுப்படியைப் படித்தால்தான் ஒரு மிஷன் எப்படிக் குடியேற்றமாக மாறியது என்பது புரிகிறது என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் வரலாம்.

சந்தேகப்பிராணி

வந்துவிட்டேன். அடுப்படி என்கிறீர்கள். அந்த அடுப்படியில் பாத்திரம் கழுவியது யார்? அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள். அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? வெள்ளைக்கார அம்மாவின் கஷ்டத்துக்கு உருகுவது நமக்குப் பழகிப்போன நோய்.

பொருநை

அந்த ஒரு வரி மரியானின் கடிதத்திலேயே இருக்கிறது, ஒன்றல்ல, பல. ஆரம்ப ஆண்டுகளில் எழுதிய ஒரு கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன். இருப்பதிலேயே நல்ல பெண்ணாக இருந்தாலும், நாம் பார்க்காத நேரத்தில் தூசி துடைக்கும் துணியில் பாலை வடிகட்டிவிடுகிறாள். கத்தி துடைக்கும் துணியால் தேநீர்க் கோப்பைகளைக் கழுவுகிறாள். தரை தேய்க்கும் கம்பளித் துணி மேசைமேல் ஏறிவிடுகிறது. வெயில் கொளுத்தும் நாளில், கைமாற்ற ஆள் வேண்டும் என்று நாம் திரும்பிப் பார்க்கும் அந்த நேரத்தில் அவள் நீந்தப் போயிருப்பாள். வந்து இரண்டு மூன்று மணி நேரம் தூங்குவாள். கரையில் ஒரு படகு வந்தால் போதும், வேலையாட்கள் மொத்தமும் அங்கே ஓடிவிடும்; வேலையை எஜமானிதான் முடிக்க வேண்டும். திட்டவும் முடியாது. தலைவர் வீட்டுப் பெண்ணாக இருந்தால், உனக்கு வாய் அதிகம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

சந்தேகப்பிராணி, இது அடிமையும் ஆண்டையும் உள்ள வீடா? 1820களில் அந்தக் கரையில் கை ஓங்கியிருந்தவர்கள் மாவோரிகள். வில்லியம்ஸ் குடும்பம் அங்கே பிழைத்துக் கிடந்தது. 1824 ஜனவரியில் டோஹிடாபு என்ற தலைவர் வீட்டு வேலியைத் தாண்டிக் குதித்தார். குதித்ததில் அவர் காலில் அடிபட்டது. உங்கள் வேலியால் வந்த காயம், நஷ்டஈடு கொடு என்று ஓர் இரும்புப் பானையைத் தூக்கினார். ஹென்றி அதைப் பிடுங்க, பெரிய ரகளையாகிவிட்டது. வீட்டுக்குள் இரண்டு மாதக் குழந்தை. இதையும் மரியான் எழுதியிருக்கிறார். பயந்ததை மறைக்கவில்லை, ஆனால் ஒப்பாரியும் வைக்கவில்லை.

சந்தேகப்பிராணி

வாய் அதிகம் என்று சொன்ன பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் அவள் பெயர் கடிதத்தில் இல்லையே.

ஆக்லாந்துவாசி

ஒரு பெயர் என்னால் தர முடியும். பைஹியாவுக்கு வடமேற்கே கெரிகெரி. அங்கே ஆற்றோரத்தில் நிற்கும் வெள்ளை மரவீடு 1822இல் கட்டி முடித்தது. இந்த நாட்டில் இன்றும் நிற்கும் ஐரோப்பியக் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான். ஜான் பட்லர் என்ற பாதிரியாருக்காகக் கட்டியது. பின்னர் கெம்ப் என்ற மிஷன் குடும்பத்துக்குப் போனது. 2000ஆம் ஆண்டில் அதன் தரைப் பலகைகளுக்கு அடியில் பள்ளிச் சிலேட்டுப் பலகை ஒன்று கிடைத்தது. அதில் கீறியிருந்த பெயர் ரோங்கோ ஹோங்கி, வயது 16.

அவர் ஹோங்கி ஹிகாவின் மகள். ஹோங்கி ஹிகா அந்த வட்டாரத்தையே துப்பாக்கியால் ஆட்டிவைத்த தலைவர். மிஷனரிகளுக்கு அடைக்கலம் கொடுத்தவரும் அவரே. அப்பேர்ப்பட்டவரின் மகள் கெம்ப் வீட்டில் வளர்ந்து எழுத்துப் படித்திருக்கிறார். ஹரியாட்டா என்று ஞானஸ்நானப் பெயர் பெற்று 1837இல் ஹோனே ஹேகேயை மணந்தார். ஆம், பிறகு பிரிட்டிஷ் கொடிமரத்தை வெட்டிச் சாய்த்த அதே ஹேகே.

கெரிகெரிக்கு வருகிறவர்கள் அந்த வீட்டை அவசியம் பாருங்கள். பக்கத்திலேயே கல்லால் கட்டிய பண்டகசாலையும் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அங்கே ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

பாளைப்பெண்

பொருநை அக்கா, எங்கள் பக்கத்தில் குருவானவரின் மனைவியை ஐயரம்மா என்போம். ஐயருக்குக் கடிதம் போட்டு இடமாற்றம் செய்வார்கள்; ஐயரம்மாவுக்குக் கடிதம் கிடையாது. ஆனால் பெண்கள் ஐக்கியம், ஞாயிறு பள்ளி, பிரசவம் பார்த்தல், சண்டை தீர்த்தல் எல்லாம் அவர் தலையில்தான் விழும். மரியானுக்கும் இதே கதையா?

சி.எம்.எஸ். என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சங்கத்தின் மிஷனரி இரேனியஸ் சென்னைக்கு வந்தது 1814இல். தீவுகள் விரிகுடாவில் சாமுவேல் மார்ஸ்டன் முதல் கிறிஸ்துமஸ் ஆராதனை நடத்தியதும் அதே 1814 என்று படித்திருக்கிறேன். ஒரே சங்கம், ஒரே ஆண்டு, உலகின் இரண்டு மூலைகள்!

பொருநை

அதே கதைதான் தங்கையே. சங்கத்தின் பணியாளர் கணவர் மட்டும். மனைவி பணிக்கு அனுப்பப்பட்டவரல்லர், உடன் அனுப்பப்பட்டவர். மரியான் பள்ளி நடத்தினார். விரிகுடாவில் மற்ற மிஷன் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார். 1826இல் ஹென்றியின் தம்பி வில்லியமும் அவர் மனைவி ஜேனும் வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்குத் தோள் கொடுக்க ஒருவர் கிடைத்தார். ஓரகத்திகள் இருவரும் பள்ளிப் பொறுப்பைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குள் சண்டை என்று எங்கும் தெரியவில்லை. நம் கதைகளில் ஓரகத்திகளுக்குக் கிடைக்காத பாக்கியம்.

இன்னொன்று சொல்கிறேன், சின்ன விஷயம்தான். 1834 கடைசியில் வில்லியம் கொலென்சோ என்ற அச்சுக்காரர் அச்சு இயந்திரத்தோடு பைஹியாவுக்கு வந்தார். இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டி இயந்திரத்தைக் கரையிறக்கினார்கள். பெட்டிகளைப் பிரித்தால் அச்சுக்கு வேண்டிய சாமான்கள் பலவற்றைக் காணோம். அட்டை போடக் காகிதமில்லை. 1835 பிப்ரவரியில் விவிலியத்தின் எபேசியர், பிலிப்பியர் நிருபங்கள் மாவோரியில் அச்சாகி வெளிவந்தபோது மேலட்டையாகப் போட்டது இளஞ்சிவப்பு மையொற்றுத் தாள். மிஷன் வீட்டுப் பெண்களிடம் கேட்டு வாங்கியது. நியூசிலாந்தின் முதல் அச்சுப் புத்தகத்துக்கு அட்டை அந்தப் பெண்களின் மேசை இழுப்பறையிலிருந்து வந்தது.

கணக்கப்பிள்ளை

உருக்கம் போதும், கணக்குக்கு வருவோம். இந்தக் குடும்பம் எதைச் சாப்பிட்டது?

1823க்கு முன் அங்கிருந்த மிஷன்காரர்களில் சிலர் மாவோரிகளுக்குத் துப்பாக்கி கொடுத்துப் பன்றியும் உருளைக்கிழங்கும் வாங்கினார்கள். ஹென்றி வந்ததும் அந்த வியாபாரத்தை நிறுத்தினார். கொள்கை சரிதான். ஆனால் எதிர்க்கரை கொரோராரெகாவில் திமிங்கிலக் கப்பல்காரர்கள் துப்பாக்கி தரத் தயாராக இருக்கும்போது, கோடரிக்கும் போர்வைக்கும் எவர் உருளைக்கிழங்கு தருவார்? கொள்கை கணவருடையது, காலியான பானை மனைவியுடையது.

அதனால்தான் பைஹியாக் கடற்கரையிலேயே 'ஹெரால்டு' என்ற 55 டன் கப்பலைக் கட்டினார்கள். 1826இல் நீரில் இறக்கினார்கள். சிட்னிக்கும் தெற்கே டவுரங்காப் பக்கமும் ஓடி மிஷனுக்கு உணவு கொண்டுவருவதுதான் அதன் முதல் வேலை. 1828இல் ஹோகியாங்கா முகத்துவாரத்தில் அது உடைந்துபோனது. பாதிரியார் கப்பல் கட்டினார் என்று வீரக்கதையாகச் சொல்வார்கள். அது ரேஷன் வண்டி.

அடுத்த கணக்கு பிள்ளைகள். மரியானுக்கு ஆறு ஆண், ஐந்து பெண், மொத்தம் பதினொன்று. பதினொன்றும் பெரியவர்களாகி நின்றன. அந்தக் காலத்துக்கு அதுவே அதிசயம். சங்கத்தில் ஓய்வூதியம் கிடையாது. பிள்ளைக்குப் பதினைந்து வயதானால் ஒரு சிறு தொகையோடு சங்கத்தின் பொறுப்பு தீர்ந்தது. அதற்குமேல் மகன் என்ன செய்வான்? திரும்பிப் போக அவனுக்கு இங்கிலாந்து ஊரா என்ன? அவன் மாவோரி பேசி வளர்ந்தவன். ஆகவே 1830களில் ஹென்றி உள்நாட்டில் பாகராகாப் பக்கம் நிலம் வாங்கினார். மொத்தம் 11,000 ஏக்கர்.

சந்தேகப்பிராணி

இதற்காகத்தான் காத்திருந்தேன். 11,000 ஏக்கர்! ஆத்துமாவைத் தேடி வந்தவர்கள் கையில் அளவுச் சங்கிலி. பிள்ளைகளுக்காக என்று சொல்லாத நிலக்காரன் உலகத்தில் உண்டா?

கணக்கப்பிள்ளை

இல்லை. ஆனால் தலைக்கு ஆயிரம் ஏக்கர் என்று வகுத்துப் பாருங்கள். அந்த மண்ணில் ஆடு மாடு வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது ஜமீன் இல்லை. நியாயம் என்றும் நான் சொல்லவில்லை, காரணம் சொல்கிறேன். ஒண்டிக்கட்டையான பாதிரியாருக்கு நிலம் வேண்டியதில்லை. பதினொரு பிள்ளைகள் உள்ளவருக்கு வேண்டும். குடியேற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

பாளைப்பெண்

கணக்கப்பிள்ளை ஐயா சொன்னதில்தான் எங்கள் பக்கத்தோடு உள்ள வித்தியாசம் தெரிகிறது. நாகர்கோவிலில் பெண்பள்ளியும் லேஸ் வேலையும் தொடங்கிய மார்த்தா மால்ட் தம்பதி 1854இல் இங்கிலாந்து திரும்பிவிட்டார்கள். பெரும்பாலோர் அப்படித்தான், இல்லாவிட்டால் இங்கேயே கல்லறை. பிள்ளைகள் நிலம் வாங்கி ஊரோடு ஊராக இருந்துவிடவில்லை. நியூசிலாந்தில் மிஷன் குடும்பமே குடியேறிய குடும்பமாகிவிட்டது.

பொருநை

அதுதான் நான் சொல்ல வந்தது. சந்தேகப்பிராணி, நிலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த நிலத்தால் குடும்பத்துக்கு நேர்ந்ததையும் கேளுங்கள்.

1840 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே வைடாங்கி ஒப்பந்தம். மாவோரி வாசகத்தை ஓர் இரவில் ஆக்கியவர்கள் ஹென்றியும் மூத்த மகன் எட்வர்டும். கைதிக் கப்பலில் கைக்குழந்தைகளோடு ஏறினார்களே, அதில் மூத்தவன் அந்த எட்வர்டு. இப்போது வயது இருபத்தொன்று. 1845 மார்ச் 11 அன்று ஹேகேயின் ஆட்கள் கொரோராரெகாவைப் பிடித்தார்கள். பைஹியாவிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் ஊர் எரிவது தெரியும். ஹென்றி படகில் போய் அடிபட்டவர்களைக் கப்பலுக்குக் கொண்டுவந்தார். கப்பலில் ஓர் அதிகாரி அவரைத் துரோகி என்று திட்டினார். மாவோரிகளோடு இருபது ஆண்டுகள் பழகியவர்மேல் அந்தச் சந்தேகம் எளிதில் ஒட்டிக்கொண்டது.

அதன்பின் ஆளுநர் ஜார்ஜ் கிரே. மிஷனரிகளின் நில உரிமைகளை நிலைநாட்டுவதென்றால் பிரிட்டிஷ் இரத்தமும் பணமும் ஏராளமாகச் செலவாகும் என்று 1846இல் லண்டனுக்கு இரகசியமாக எழுதினார். குற்றச்சாட்டை நிரூபியுங்கள் அல்லது திரும்பப் பெறுங்கள், அதன்பின் நிலத்தைப் பற்றிப் பேசலாம் என்று ஹென்றி பிடிவாதம் பிடித்தார். சங்கம் 1849இல் அவரை நீக்கியது. வந்து இறங்கி இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1850இல், பைஹியா வீட்டைக் காலிசெய்து பாகராகாவுக்குப் போனார்கள்.

வரலாற்று நூல்கள் இந்த இடத்தில் கிரே, ஹென்றி, பிஷப் செல்வின் என்று மூன்று ஆண்களின் மானப் பிரச்சினையாக எழுதுகின்றன. சம்பளப் பட்டியலில் ஒருபோதும் பெயர் இல்லாத மரியானை நீக்க எந்தக் கடிதமும் தேவைப்படவில்லை. ஆனால் ஐம்பத்தாறு வயதில், எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற பைஹியாவிலிருந்து சட்டிபானையைக் கட்டியவர் அவர். சங்கம் 1854இல் ஹென்றியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொள்ளச் சொன்னவர்களில் கிரேயும் ஒருவர்! பாகராகாவை விட்டு அவர்கள் நகரவில்லை.

புதியவன்

தாமதமாக வந்து கேட்கிறேன், மன்னிக்கவும். மரியான் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகவே இல்லையா?

பொருநை

இல்லை. ஹென்றி 1867இல் இறந்தார். மரியான் 1879 டிசம்பரில், பாகராகாவில்.

ஆவணப்பித்தன்

மரியானை மட்டும் பார்த்தால் படம் கொஞ்சம் அழகாகிவிடும். அவருக்கு நல்ல கணவர் வாய்த்தார். எலிசபெத் ஃபேர்பர்னைப் பாருங்கள்.

1821இல் கெரிகெரியில் பிறந்தவர், மிஷன் ஊழியரின் மகள். மாவோரி மொழியை யாரும் அவருக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. மேலே சொன்ன அச்சுக்காரர் கொலென்சோவுக்குக் குருப்பட்டம் வேண்டும். மிஷன் நிலையம் நடத்த மனைவி வேண்டும் என்று பிஷப் செல்வின் வற்புறுத்தினார். 1843இல் கல்யாணம். வேலைப் பொருத்தம் பார்த்தார்கள், மற்றப் பொருத்தம் எதையும் பார்க்கவில்லை. ஹாக்ஸ் பே பக்கம் சதுப்பு நிலத்தில் வீடு. கணவர் மாதக்கணக்கில் மலையேறித் தாவரம் சேகரிப்பார், சபைகளைச் சுற்றி வருவார். எலிசபெத் பள்ளியும் குழந்தைகளுமாகத் தனியே இருப்பார்.

1850இல் அந்த வீட்டில் இருந்த ரிபெகா என்ற மாவோரிப் பெண்ணுக்கு ஆண் குழந்தை. தகப்பன் கொலென்சோ. குழந்தையை எலிசபெத்தும் சில காலம் வளர்த்தார். விஷயம் வெளியே வந்ததும் 1852இல் கொலென்சோவின் ஊழியப் பொறுப்பு பறிபோனது. எலிசபெத் பிள்ளைகளோடு பிரிந்து போனார்.

பெரும்பாலோர் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் அவர்மேல் மரியாதை. டௌபிரி மிஷன் பள்ளியில் கற்பித்தார். 1860களில் இங்கிலாந்து போனபோது, மாவோரி விவிலியம் முழுமையாக அச்சேறும் வேலையில் அச்சுப்படி திருத்தினார். 1868இல் அது வெளிவந்தது. பின்னர் நார்ஃபோக் தீவில் மெலனீசிய மிஷனில் ஆண்டுக்கணக்கில் பணி. அந்த மிஷனில் புழங்கிய மோட்டா மொழியையும் கற்றுக்கொண்டார். 1904இல் காலமானார். பாதிரியாரின் மனைவி என்ற பதவி போன பிறகுதான் அவர் சொந்தப் பெயரில் வேலை செய்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

பாளைப்பெண்

ஐயா, இதைப் படித்ததும் கால்டுவெல் அம்மா நினைவுக்கு வந்தார். எலைசா மால்ட், மார்த்தாவின் மகள். நாகர்கோவில் மிஷன் வீட்டில் பிறந்து தமிழ் பேசி வளர்ந்தவர். 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். எலிசபெத்துக்கும் அவருக்கும் கல்யாணத்தில் ஓராண்டுதான் இடைவெளி. இரண்டு கணவர்களும் புத்தகப் பித்தர்கள். ஊர்ப்பெண்களோடு பேசத் தெரிந்த மனைவி இல்லாமல் எந்த மிஷன் நிலையமும் நடக்காது என்று இரண்டு பக்கத்திலும் தெரிந்திருக்கிறது. கால்டுவெல் பெயரில் சிலை, தெரு, பள்ளி எல்லாம் இருக்கின்றன. எலைசாவை இடையன்குடியைத் தாண்டினால் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆவணப்பித்தன்

எனக்கே அவர் அங்கே பிறந்தவர் என்பது இப்போதுதான் தெரியும். அதற்கு ஒரு தனி இழை தொடங்குங்கள் அம்மா.

சந்தேகப்பிராணி

ஆவணப்பித்தன் ஐயா, ரிபெகா என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். கணவருக்குப் பதவி போனது, மனைவிக்கு வீடு போனது, சரி. அந்தப் பெண் மிஷன் வீட்டின் பொறுப்பில் இருந்தவர். மரியானுக்கும் எலிசபெத்துக்கும் கடிதங்கள் இருக்கின்றன. நாம் இரண்டு நாளாக அவர்களுக்காக வாதாடுகிறோம். ரிபெகா எழுதிய கடிதம் யாரிடமாவது இருக்கிறதா?

நிலம் பற்றிய என் கருத்தும் மாறவில்லை. காரணம் புரிகிறது, அவ்வளவுதான். வைடாங்கியில் தந்தையும் மகனும் எழுதிய வாசகம் இன்றுவரை அந்த நாட்டில் வழக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

பொருநை

ஏற்றுக்கொள்கிறேன். கடிதம் எழுதிய பெண்களின் வழியாகப் பார்ப்பதில் அந்தக் குறை இருக்கும். ஆக்லாந்துவாசி சொன்ன ஹரியாட்டா ரோங்கோ அதற்கு ஒரு நல்ல மாற்று. மிஷன் வீட்டில் எழுத்துப் படித்தவர். கொடிமரம் வெட்டியவரின் மனைவி. 1850இல் ஹேகே இறந்தபின் மறுமணம் செய்து 1894 வரை வாழ்ந்தவர். ஜேன் வில்லியம்ஸும் அவரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்; ஜேன் 1896இல் இறந்தார். 1865இல் போர்ச்சூழலில் ஜேன் குடும்பம் வைரெங்கா-ஆ-ஹிகா வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. பிறகு நேப்பியரில் 1875இல் ஹுகாரெரே என்ற மாவோரிப் பெண்பள்ளி தொடங்கியபோது, அதை நடத்தியவர்கள் ஜேனின் மணமாகாத மகள்கள்.

ஆக்லாந்துவாசி, ஹரியாட்டா பற்றி நீங்களே அடுத்த இழையைத் தொடங்குகிறீர்களா?

ஆக்லாந்துவாசி

தொடங்குகிறேன். அடுத்த வார விடுமுறையில் வடக்கே போகிறேன். சிலேட்டுப் பலகை இப்போது பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரித்துவிட்டு எழுதுகிறேன். கணக்கப்பிள்ளை ஐயாவுக்குப் பாகராகா நிலத்தின் வரைபடம் வேண்டுமானால் சொல்லுங்கள், ஆக்லாந்து நூலகத்தில் தேடிப் பார்க்கிறேன்.

கணக்கப்பிள்ளை

வேண்டும். ஏக்கர் கணக்கோடு.